ஒரே வீடு, இரண்டு லென்ஸ்: களுவாஞ்சிக்குடிக் கமரா பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வைகாசி மாத ஞாயிறு ஒன்றில், களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாமி தன் பேரனுடன் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீலைப்பை. பைக்குள் துவாய், துவாய்க்குள் மண்ணிறத் தோலுறை, உறைக்குள் அசாகி பென்டாக்ஸ் ஸ்பொட்மாட்டிக் கமரா. அதில் பூட்டியிருந்தது சூப்பர் தக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் விரிந்து கூடுதல் ஒளி புகும்). பேரனின் புத்தகப் பையில், கொப்பிகளுக்கு நடுவே, மூடியில்லாமல் இன்னொரு லென்ஸ் கிடந்தது: அதே கமராவுக்குரிய 135 மி.மீ., எஃப் 3.5.

"அவர் இதை உயிர்போல வைத்திருந்தவர், மனே" என்று மாமி முதலாவதைத் தடவிக்கொண்டு, இறந்துபோன கணவரைப் பற்றிச் சொன்னார். இரண்டாவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

உயிர்போல வைத்திருந்தது நோயோடு வந்தது. கொப்பிக்குள் கிடந்தது சுகமாக வந்தது. இந்த எழுத்து அந்த வேறுபாட்டைப் பற்றியது. சிகிச்சையின்போது நான் விட்ட பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பகலில் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். கமரா திருத்துவது மாலை வேலை. தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் இவற்றில் பாதியைச் செய்திருக்க மாட்டார்.

கமராவின் வரலாறு

மாமியின் கணவர் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். சூறாவளிக்கு அடுத்த வருடம் கமராவை வாங்கினாராம். எங்கள் பகுதியில் சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23தான். வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கமராவும் பிலிமும் குதிரைக்கொம்பு. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவரிடம், ஏற்கெனவே பழையதாக இருந்த இதை அவர் வாங்கியிருக்கிறார். ஸ்பொட்மாட்டிக் 1964இல் சந்தைக்கு வந்த கமரா. இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்யாணம், சாமத்தியம், கோயில் திருவிழா என்று உழைத்தது. டிஜிட்டல் வந்து ஸ்டூடியோ மூடப்பட்டபின், 50 மி.மீ. லென்ஸோடு தோலுறைக்குள் போட்டு, துவாயால் சுற்றி, அலுமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு பூச்சி உருண்டைகளுடன் வைத்துப் பூட்டினார். அவர் இறந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை.

135 மி.மீ. லென்ஸ் அந்த உறைக்குள் அடங்கவில்லை. விறாந்தையில், ஜன்னலோரக் கண்ணாடி அலுமாரியில், கிண்ணங்களோடும் பரிசுக் கேடயங்களோடும் நின்றது. பேரன் பிறந்த பின் அது விளையாட்டுப் பொருள் ஆனது. அதை வைத்து எறும்பு பார்த்தான். வெயிலில் கடதாசி எரித்தான்.

வந்த நிலை

கமரா உடல் பரவாயில்லை. ஸ்பொட்மாட்டிக்கின் ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள், முழுக்கப் பொறிமுறையில் இயங்குவது. ஒளிமானிக்கு மட்டுமே மின்கலம் வேண்டும். ஒரு செக்கன் முதல் 1/1000 வரை எல்லா வேகத்திலும் திரை ஓடியது. படம் எடுக்கும்போது மேலெழும் உட்கண்ணாடி வந்து மோதும் இடத்திலிருந்த மெதுமைப் பஞ்சு கருந்தாராக உருகியிருந்தது. அடித்தட்டில் மின்கல மூடி அசையவில்லை. ஒரு நாணயத்தை வைத்து நீண்ட நேரம் முயன்றபின் திறந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. கடைசியாகப் போட்ட மின்கலத்தை யாரும் கழற்றவில்லை.

களிம்பை வினாகிரியில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். அந்தக் காலத்துப் பாதரச மின்கலம் இன்று கிடைக்காது. அதன் அழுத்தம் 1.35 வோல்ற்று. இன்று கிடைக்கும் சில்வர் ஒக்சைட் மின்கலம் 1.55 வோல்ற்று. பல பழைய கமராக்களில் இந்த வித்தியாசம் ஒளிமானியைப் பொய் சொல்ல வைக்கும். ஸ்பொட்மாட்டிக்கில் அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் அதன் மானி தராசு போன்ற ஒரு பாலச் சுற்று. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே நிறையைக் கூட்டினால் முள் நகராது அல்லவா, அதுபோல. சிறிய மின்கலத்தைச் சுற்றி ஓர் இறப்பர் வளையம் போட்டுப் பொருத்தினேன். முள் எழுந்தது. மாமி அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

லென்ஸ்தான் சிக்கல். பின்பக்கத்திலிருந்து சிறு மின்சூளால் ஒளி பாய்ச்சிப் பார்த்தபோது விளிம்பில் சிலந்தி நூல்போல வெண்ணிழைகள் தெரிந்தன: பூஞ்சை. அதோடு கண்ணாடி முழுவதும் ஒரு மஞ்சள், பீங்கான் கோப்பையில் ஊற்றிய பிளேன்ரீயின் நிறம். 135 மி.மீ. லென்ஸைப் பக்கத்தில் வெள்ளைத் தாளில் வைத்தேன். அதில் தூசி இருந்தது, கீறல் இருந்தது, எறும்பு பார்த்தவனின் கைரேகை இருந்தது. பூஞ்சையோ மஞ்சளோ இல்லை.

முதல் பிழை

பூஞ்சை எங்கள் ஊரில் பழகிய எதிரி. ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேலே நின்றால் வித்துகள் முளைக்கும். இழைகள் கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; மார்கழியில் என் வீட்டு ஈரப்பதமானி 80க்குக் கீழே இறங்கியதை நான் பார்த்ததில்லை. ஆகவே பூஞ்சையைக் கண்டதும் என் மனம் அத்தோடு நின்றுவிட்டது. மஞ்சளும் அதன் விளைவு, அல்லது வில்லைகளை ஒட்டும் பசை பழுத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இந்த லென்ஸில் ஏழு வில்லைகள் ஆறு தொகுதிகளாக நிற்கின்றன. ஒட்டிய சோடி ஒன்றே ஒன்றுதான். ஒரு சோடிக்குள் இருக்கும் மெல்லிய பசைப்படலம் இவ்வளவு மஞ்சளைத் தருமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கச்சான் வீசத் தொடங்கியிருந்த காலம். கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டும் ஒரே பெயர். அந்தக் காற்றில் மேசை மேல் மணல் ஏறும் என்பதால், குளியலறைத் தரையில் நீர் தெளித்துத் தூசியை அமர்த்திவிட்டு அங்கே உட்கார்ந்து லென்ஸைப் பிரித்தேன். மூன்று வீத ஐதரசன் பெரொக்சைட்டும் அமோனியாவும் சம அளவில் கலந்து, பூஞ்சை படிந்த பரப்பைத் துடைத்து, பின் அல்ககோலால் இரண்டு தடவை துடைத்தேன். இழைகள் போயின. விளிம்பில் அரிப்பின் மெல்லிய தடம் மட்டும் மிஞ்சியது. அது போகாது, படத்திலும் தெரியாது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படத்தின் தெளிவைச் சரிசெய்யத் திருப்பும் குவிய வளையம் இறுகியிருந்தது. பழைய கிரீஸ் களியாகிவிட்டது. கையோடு அதையும் சரிசெய்வோம் என்று, லென்ஸை முன்பின் நகர்த்தும் திருகுபுரியையும் கழற்றினேன். கழன்ற இடத்தை அடையாளமிட வேண்டும் என்பது தெரிந்த பாடம். அடையாளமும் இட்டேன், பென்சிலால். பிறகு அல்ககோலால் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்தேன். அடையாளமும் பளபளவென்று போய்விட்டது.

திருகுபுரியைச் சரியான வாயில் மீண்டும் சேர்த்துவிட்டேன். குவிய வளையத்தைப் பிடிக்கும் மூன்று சிறு திருகாணிகளை மட்டும் கண் மதிப்பில் இறுக்கினேன். என் மிரர்லெஸ் (உட்கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கமராவில் இணைப்பு வளையத்தோடு பூட்டி, மொட்டைமாடியிலிருந்து தூரத்துத் தென்னைகளைப் பார்த்தேன். கூர்மையாகத் தெரிந்தன. சரி என்று மூடிவிட்டேன். இதன் விளைவு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது.

மஞ்சளின் காரணம்

பூஞ்சை போன பின்னும் பிளேன்ரீ அப்படியே இருந்தது. ஒட்டிய சோடியைச் சூடாக்கிப் பிரிப்போமா என்றுகூட ஓர் இரவு யோசித்தேன். மறுநாள் வில்லைத் தொகுதிகளைத் தனித்தனியே வெள்ளைத் தாளில் அடுக்கிப் பார்த்தேன். மஞ்சள் எல்லாவற்றிலும் இல்லை. பின் தொகுதியில்தான் திரண்டிருந்தது. பசையின் வேலை அல்ல, கண்ணாடியே மஞ்சள். அப்போதுதான் தோரியம் நினைவுக்கு வந்தது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விரிந்த துவாரமுள்ள லென்ஸ் செய்தவர்களுக்கு ஒளியை அதிகம் வளைப்பதும் (முறிவுச் சுட்டி கூடியது), அதை நிறங்களாகக் குறைவாகப் பிரிப்பதுமான கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடியில் தோரியம் ஒக்சைட்டைக் கலந்தால் அது கிடைக்கும். சூப்பர் தக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4இன் ஏழு வில்லை வடிவத்தில் அப்படிப்பட்ட கண்ணாடி உண்டு. தோரியம் மென்மையான கதிர்வீச்சுடைய தனிமம். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அந்தக் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் கண்ணாடியின் அணுக்கட்டமைப்பில் சிறு குறைகளை உண்டாக்கும், அவை நீல ஒளியை விழுங்கும், கண்ணாடி மஞ்சளாகும். புறஊதாக் கதிர் பட்டால் அதே குறைகள் ஆறும். அன்றாடம் வெயிலில் திரியும் லென்ஸில் மஞ்சள் சேரவும் ஆறவும் செய்யும். இருட்டில் பூட்டிக்கிடக்கும் லென்ஸில் சேர மட்டும் செய்யும்.

மாமியிடம் கதிர்வீச்சு என்று சொன்னதும் பேரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கமராவில் போட்டுப் படமெடுப்பதில் பயப்பட ஏதும் இல்லை. கண்ணாடியை உரசிப் பொடியாக்கக் கூடாது, கண்ணோடு ஒட்டி வைத்துப் பூதக்கண்ணாடியாகப் பாவிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். பேரன் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்ததெல்லாம் 135 மி.மீ. லென்ஸை. அதில் தோரியம் இல்லை.

இதனால் ஒப்பீட்டில் ஒரு திருத்தமும் அவசியமாகிறது. மஞ்சளைப் பொறுத்தவரை 135 மி.மீ. லென்ஸ் நியாயமான சாட்சி அல்ல. அது இருட்டில் கிடந்திருந்தாலும் மஞ்சளாகியிருக்காது. பூஞ்சைக்கு மட்டும் அது சாட்சி. ஒரே வீடு, ஒரே வாவிக்காற்று, ஏறக்குறைய ஒரே காலம். ஒன்று ஈரத்தை உறிஞ்சிப் பிடிக்கும் தோலுக்குள், காற்றாடாமல், இருட்டில். மற்றது வெளிச்சத்தில், நாளும் கை பட்டு. பூச்சி உருண்டை அந்துப்பூச்சியை விரட்டும். பூஞ்சையை அது தடுக்கவில்லை.

வெயில் சிகிச்சை

வெயிலுக்கு மட்டக்களப்பில் பஞ்சமில்லை. ஆனால் லென்ஸைச் சும்மா வெயிலில் வைப்பது ஆபத்து. வெப்பத்தில் கிரீஸ் இளகித் துவாரத் தகடுகளில் இறங்கும், ஒட்டிய சோடி பிரியும். காலை ஏழு மணிக்குப் பின்பக்கம் சூரியனைப் பார்க்கும்படி, முன்பக்கத்துக்கு அலுமினியத் தாள் விரித்து வைத்தேன், ஒன்பதரைக்கு எடுத்துவிட்டேன். முதல் நாள் கோணம் பிசகிவிட்டது. எடுக்கப் போனபோது ஒரு கருகல் வாசனை; தாளுக்கு அப்பால் கிடந்த துவாயில் பயற்றளவு துளை. பேரன் கடதாசி எரித்த கதையைக் கேட்டுச் சிரித்தவனுக்கு இது தேவைதான். அதன் பிறகு பழைய உலோகத் தட்டு ஒன்றில் வைத்தேன், பக்கத்திலிருந்து அசையவும் இல்லை.

மூன்றாம் நாள் வேறுபாடு தெரியவில்லை. எட்டாம் நாள், வெள்ளைத் தாளில், பிளேன்ரீக்குள் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. இருபத்திரண்டாம் நாளோடு நிறுத்தினேன். முழுதாகத் தெளியவில்லை, தேங்காய்ப்பூக் கீரை அவித்த தண்ணீரளவு மங்கிய சாயல் மிஞ்சியது. நிழலில் உள்ள ஒரு வெள்ளைச் சுவரை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் ஒரே அமைப்பில் டிஜிட்டலில் எடுத்து ஒப்பிட்டதில், மூன்றில் இரண்டு ஸ்டொப் ஒளி மீண்டிருந்தது (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரு மடங்கு). எஃப் 1.4 என்று பெயர் பொறித்த லென்ஸ் அத்தனை காலமும் எஃப் 1.8இன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

கறுப்பு வெள்ளைக்காரர்கள் சிலர் இந்த மஞ்சளைப் போக்க மாட்டார்கள். இலவசமாகக் கிடைத்த மஞ்சள் வடிகட்டி என்பது அவர்கள் வாதம். வானம் கொஞ்சம் கருகி மேகம் எடுப்பாகும். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் வடிகட்டியைக் கழற்ற முடியும்.

சோதனைச் சுருள்

ஆடியில் ஐ.எஸ்.ஓ. 400 (பிலிமின் ஒளியுணர்வு எண்) கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றைப் பேரனே போட்டான். உச்சி வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் பிலிமின் எண்ணை ஒட்டியது என்ற பழைய விதியின்படி 1/500. கமரா மானியும் அரை ஸ்டொப் வித்தியாசத்தில் அதையே சொன்னது. கோட்டையின் மதில், வாவிக்கரைத் தோணிகள், 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் என்று பகலில் இருபது படம். மாலையில் துவாரத்தை எஃப் 2க்குத் திறந்து, பாலத்தையும் விளக்குகளையும் பத்துப் படம். மிச்சம் 1/1000இல் வெறும் வானம், ஷட்டரைச் சோதிக்க.

கழுவுவதற்கு எங்கள் குழாய்த் தண்ணீர் 29 பாகை. இருபது பாகைக்கு இறக்க ஐஸ் கட்டி போட்டுப் போராடுவதை நான் விட்டுவிட்டேன். 24 பாகை போதும். படத்தை வெளிக்கொணரும் ஐ.டி. 11 கரைசலைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால், 20 பாகையில் 13 நிமிடம் கேட்கும் இந்தச் சுருள் 24இல் சுமார் 9 நிமிடம் கேட்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகாதவரை கவலையில்லை. அதற்குக் குறைந்தால் திட்டுத் திட்டாக வரும்.

நெகடிவைக் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தோம். 1/1000இல் எடுத்த வானம் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் இருந்தது: இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, பின்னது முன்னதைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. 1/500 சுத்தம். இதை நான் தொடவில்லை. எண்ணெய் விட்டுப் பார்ப்போம் என்ற ஆசை வந்தது. பென்சில் அடையாளம் நினைவுக்கு வந்து தடுத்தது.

பகல் படங்கள் கூர்மை. மாலைப் பாலம் பத்தும் மங்கல். கை அசைவு என்று பேரனைக் குற்றம் சாட்டினேன். அவன் பெருக்கிக் கண்ணாடியால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர், பக்கத்தில் நிற்கிற சைக்கிள் எல்லாப் படத்திலும் கூர்மையாக இருக்கிறதே" என்றான். கை அசைந்திருந்தால் சைக்கிளும் அசைந்திருக்கும்.

இரண்டாவது பிழையின் கணக்கு

கமராவின் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை பி நிலையில் (பொத்தானை அழுத்தும்வரை திறந்தே நிற்கும்) வைத்துத் திறந்தபடி பிடித்து, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ஒரு துண்டு டிரேசிங் தாளை இழுத்து ஒட்டினேன். வாவிக்கரையில் நின்று, தலையில் கறுப்புத் துணி போட்டுப் பார்த்தோம். தாளில் பாலம் தலைகீழாகத் தொங்கியது. குவிய வளையம் முடிவிலிக் குறியில், அதாவது மிகத் தொலைவுக்கான குறியில், முட்டி நின்றது. பாலம் பஞ்சுபோல இருந்தது. லென்ஸை இன்னும் சற்று உள்ளே தள்ள முடிந்தால் தெளியும் என்பதுபோன்ற மங்கல் அது.

அப்படியானால் மிரர்லெஸ்ஸில் தென்னை எப்படிக் கூர்மையாகத் தெரிந்தது? இந்தக் கமராவில் பூட்டும் எம் 42 வகைத் திருகு லென்ஸ், பிலிம் தளத்திலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். என் மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் 18. இணைப்பு வளையத்தின் தடிப்பு 27.46 இருக்க வேண்டும். அளவுகோலால் அளந்தேன்: 27.2. மலிவு வளையங்களைச் சற்று மெல்லியதாகவே செய்கிறார்கள், எந்த லென்ஸும் முடிவிலியை எட்டாமல் போய்விடக் கூடாது என்று. என் பிழையை அந்த வளையத்தின் பிழை மறைத்துவிட்டது.

பிழை எவ்வளவு சிறியதென்றால் 0.2 மி.மீ. அளவுதான். ஆனால் லென்ஸின் குவியத் தூரமான 50ஐ 50ஆல் பெருக்கி 0.2ஆல் வகுத்தால் 12,500 மி.மீ. வரும். லென்ஸின் முடிவிலி பன்னிரண்டரை மீற்றரில் நின்றுவிட்டது. சைக்கிள் நின்றது அந்தத் தூரத்தில்தான். பகலில் எஃப் 16இன் குவிய ஆழம் இந்தக் குறையை மூடியது. எஃப் 2 காட்டிக்கொடுத்தது.

மூன்று திருகாணிகளைத் தளர்த்தி, டிரேசிங் தாளில் பாலத்தின் சட்டங்கள் கம்பிபோல எழும்வரை வளையத்தைத் திருப்பி இறுக்கினோம். திருப்பியது பேரன், துணிக்குள் தலையை விட்டிருந்தது நான்.

கமரா திரும்பிப் போனது

மாமி உறையோடுதான் கொண்டுபோவேன் என்று நின்றார். "உறை இல்லாமல் எப்படி மனே? அவர் தன் கையால் தைத்த வார் இது." அறுந்த வாரை அவர் மீன்பிடி நூலால் தைத்திருந்தார், நேர்த்தியான தையல். உறை வேறாக, கமரா வேறாக இருக்கலாம் என்று பேசிப் பேசி உடன்பட வைத்தேன். இறப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா மணிகள், சின்ன ஈரப்பதமானி. மானி 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும்; மணிகள் நிறம் மாறினால் சட்டியில் வறுத்து மறுபடி போடலாம். மாமியின் கணவர் ஸ்டூடியோ அலுமாரிக்குள் 15 வாட் குமிழ் ஒன்றை எப்போதும் எரியவிட்டிருந்தாராம். நல்ல ஏற்பாடு, அந்தச் சூடு ஈரத்தை அண்டவிடாது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது குமிழை விட்டுவிட்டு உறையை மட்டும் கொண்டுவந்திருக்கிறார். இன்று அதே ஏற்பாட்டை எல்.ஈ.டி. குமிழால் செய்ய முடியாது, அதில் அந்த அளவு சூடு இல்லை.

மாதம் ஒரு சுருள் எடுக்க வேண்டும், 1/1000ஐத் தொடக் கூடாது, 50 மி.மீ. லென்ஸ் கிழமைக்கு ஒரு காலை வெளிச்சம் காண வேண்டும் என்று பேரனின் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.

தை மாதம், மழை ஓய்ந்த ஒரு நாள், களுவாஞ்சிக்குடிக்குப் போய்ப் பார்த்தேன். மின்சூளுக்கு லென்ஸில் எந்த இழையும் தென்படவில்லை. பெட்டிக்குள் மானி 47. பெட்டிக்கு வெளியே, அதே மேசையில், 84. பேரன் ஆறு சுருள் எடுத்திருந்தான். மாதம் ஒன்று என்ற கணக்குச் சரி. 135 மி.மீ. லென்ஸையும் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். அது பழையபடி ஜன்னலோரத்தில்தான் நின்றது. நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. தோலுறை அலுமாரியில் இல்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. உள்ளே மாமியின் மூக்குக்கண்ணாடியும் மின்சாரப் பட்டியல்களும் இருந்தன.